காலி வண்டிக்கு மட்டும் வரும் சத்தம்

‘டொக்.’

கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் வண்டி ஓரடி முன்னால் போனது. அதற்குள் அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்துவிட்டது. ஒரே ஒரு தட்டு. கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போகிற பிள்ளைகள் தட்டுவார்களே, அப்படி.

“கேட்டுச்சாக்கா?” என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

“எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு கோப். கத்தாத.”

சன்பென் அக்கா தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் தொங்கிய ஐஸ் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஐம்பத்து நாலு வயது. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்களைப் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய ஒரே உதவியாள். அதற்கு முன்னால் மெக்கானிக். வாய் அதிகம் என்று மூன்று பட்டறைகளில் என்னைக் கிளப்பிவிட்டார்கள். கோப் என்றால் எங்கள் பேச்சில் தவளை. வண்டிக்கடியில் படுத்திருக்கும்போது பெயர் எனக்குச் சரியாகவே பொருந்தும்.

அது கோக்சவாங் காவல் நிலையத்தின் பின்முற்றம். எங்கள் புத்தாண்டுத் திருவிழாவான சோங்க்ரான் தொடங்கி ஐந்தாவது நாள். ஊரெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி முடித்து ஓய்ந்திருந்தது. வெயில் மட்டும் ஓயவில்லை.

நீல பிக்கப் வண்டி மரவள்ளி விவசாயி புன்மாவுடையது. புன்மா லாக்கப்பில் இருந்தார். சோங்க்ரான் முதல் நாள், கோயிலுக்குப் பின்னால் குளத்துச் சாலையில், சைக்கிளில் வாழைப்பழ வறுவல் விற்கும் நுவன் என்ற பெண்ணை ஒரு பிக்கப் மோதிவிட்டுப் போய்விட்டது. நுவன் மாகாண ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. மோதிய வண்டியை யாரும் பார்க்கவில்லை. கேட்டவர் ஒருவர் இருந்தார். சாலையோரக் குடிசையில் உடம்பு பிடித்துவிடும் பார்வையற்ற சனித். கிளம்பும்போது ‘டொக்’ என்ற வண்டி புன்மா வண்டி என்று அவர் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. நாளைக் காலை புன்மாவைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

வண்டியில் ஒட்டியிருக்க வேண்டிய தடயம் ஏதாவது? சோங்க்ரான் அன்று எந்த வண்டியிலும் எதுவும் ஒட்டாது. நாள் முழுக்க ஊரே அதைக் கழுவிவிடுகிறது. முன்பக்கத்து நெளிசல்களோ ஏற்கெனவே எண்ண முடியாத அளவுக்கு இருந்தன.

எல்லாவற்றையும்விட மோசமான விஷயம் காலையில் தெரிந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற புன்மாவிடம் அக்கா நேராகவே கேட்டார்.

“மோதினீங்களா?”

நெட்டையான மனிதர். கம்பியைப் பிடித்துக்கொண்டு கூனி நின்றார். “தெரியலக்கா. காலையிலேருந்து அரிசிச் சாராயம். மத்தியானத்துக்கு மேல ஒண்ணுமே ஞாபகமில்ல. கண்ண மூடி மூடி யோசிக்கிறேன், வெறும் தண்ணிச் சத்தம்தான் கேக்குது.” பிறகு மெதுவாக, “நானா இருக்கலாம்,” என்றார்.

குற்றம் செய்யவில்லை என்று கத்துகிறவனுக்கு உதவலாம். செய்தேன் என்கிறவனுக்கும் ஒரு வழி சொல்லலாம். செய்தேனா என்று நம்மையே கேட்கிறவனை என்ன செய்வது? என்னால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அவர் மனைவி லம்யாய்தான் நேற்று எங்களைத் தேடி வந்தவள். குள்ளமான, சுறுசுறுப்பான பெண். வந்த வேகத்தில் சொன்னாள்: “அவரு இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. அவருதான்னா அவருதான்னு சொல்லிடுங்க. தெரியாம இருக்கிறதுதான் தாங்க முடியல. ராத்திரி அவரு இல்லாத பாய்ல படுத்துக்கிட்டு, ஒரு நிமிஷம் அந்தப் பொண்ணுக்காக அழறேன், ஒரு நிமிஷம் இவருக்காக அழறேன்.”

இப்போது அவள் நிலையத்தின் படியில், மடியில் ஒட்டரிசிச் சோற்றுக் கூடையோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியிலிருந்து இறங்கும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

“சீட்ட யாரு இவ்ளோ முன்னால இழுத்தது? புன்மா அண்ணன் தென்னமரம் மாதிரி இருக்காரே!”

“நான்தான் தம்பி. அன்னிக்கு சாயங்காலம் அவரால நிக்கக்கூட முடியல. நான்தான் வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன்,” என்றாள். “அந்தச் சத்தத்தப் பாரேன். ரெண்டு வருஷமா சரி பண்ணுங்கன்னு சொல்றேன். அறுவடை முடியட்டும், அறுவடை முடியட்டும்னே சொல்லுவாரு.”

“நான் பண்ணித்தரேன் அக்கா. வழக்கு முடிஞ்சதும் மொதல் வேல அதான்,” என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு வாய் அதிகம்.

சப்-இன்ஸ்பெக்டர் தவாட் எங்களுக்கு மாலை வரை நேரம் கொடுத்திருந்தார். நல்ல மனிதர், எல்லாவற்றையும் சீக்கிரம் எழுதி முடித்துவிட ஆசைப்படுகிறவர். அக்கா எனக்கு இட்ட வேலை ஒன்றுதான். சத்தம் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது.

படுத்தேன். இஞ்சின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளத் தண்டைக் கையால் பிடித்து முறுக்கினேன். அசைவில்லை. இரண்டு முனையிலும் இருக்கும் கிராஸ் மூட்டுகளையும் ஆட்டினேன். இறுக்கம். நடு பேரிங்கின் ரப்பர் நன்றாக இருந்தது. கியர் பெட்டியின் தாங்கி, பின் அச்சின் போல்ட்டுகள் எல்லாம் ஒழுங்கு. வெளியே வந்து வண்டியை எடுத்தேன். ‘டொக்.’ மறுபடி படுத்தேன். ஒன்றுமே இல்லை. நான்கு முறை இப்படி. உட்கார்ந்தால் வருகிறது, படுத்தால் ஒளிந்துகொள்கிறது.

“இந்த வண்டிக்கு என்னைப் பிடிக்கலக்கா,” என்றேன்.

“அதுக்கு ரசனை இருக்கு,” என்றார் அக்கா. “எழுந்து மூஞ்சியத் தொடச்சுக்க. சத்தத்தக் கேட்டவர்கிட்டயே போவோம்.”

*

சனித் என்னைப் பார்த்ததும்... அதாவது என் காலடியைக் கேட்டதும், “ஒல்லியா ஒருத்தர், வலது செருப்பு தேஞ்சிருக்கு. படுங்க,” என்றார்.

“நாங்க விசாரிக்க வந்திருக்கோம்.”

“விசாரிங்க. இடுப்பு பிடிச்சிருக்குல்ல? படுத்துக்கிட்டே விசாரிங்க.”

பாயில் குப்புறப் போட்டு என் முதுகில் முழங்கையை ஊன்றினார். நான் போட்ட சத்தத்தில் குளத்துக் கொக்குகள் கிளம்பின. அக்கா அந்தச் சத்தத்தைச் சட்டை செய்யாமல் கேள்வியை ஆரம்பித்தார்.

“புன்மாதான் ஓட்டினாருன்னு எப்படிச் சொன்னீங்க?”

முழங்கை நின்றது. “நான் அப்படிச் சொல்லலையே அம்மா. புன்மா வண்டின்னு சொன்னேன். வாரா வாரம் அவரு வந்து முதுகு பிடிச்சுக்கிட்டுக் கிளம்புவாரு. அந்த வண்டிச் சத்தம் எனக்கு அவரு குரல் மாதிரி. ஆனா ஓட்டினது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரும் இறங்கல, பேசல.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு வழியில்லை.

“கேட்டத வரிசையா சொல்லுங்க.”

“மொதல்ல பிரேக். உடனே ‘பட்’டுன்னு ஒரு மோதல். அதோட ஒரு மேளச் சத்தம். அப்புறம் வண்டி நின்னுது, பத்து எண்ணுற நேரம். அப்புறம் ‘டொக்’. கிளம்பிடுச்சு.”

“மேளமா?”

“பெரிய மேளம். ஒரே ஒரு அடி. கொஞ்ச நேரம் முழங்கிட்டே இருந்துது. இன்ஸ்பெக்டரு அது ஊர்வலம் போயிருக்கும்னு எழுதிக்கிட்டாரு.”

“ஒரே ஒரு அடி அடிச்சிட்டு ஓய்வெடுக்கிற ஊர்வலம்!” என்றேன் பாயிலிருந்து. “நம்ம ஊருதான், இருக்கும்.”

அக்கா சிரிக்கவில்லை. “மணி என்ன இருக்கும்?”

“மணி எனக்கெங்க தெரியும்? கோயில் மைக்ல பெரிய பிக்கு பேசிட்டே இருந்தாரு. அவரு பேச்சு நின்னுது. நின்ன கொஞ்ச நேரத்துல இது.”

“போலீஸ் நாலரைன்னு எழுதியிருக்கே?”

சனித் என் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டார். “நாலரை நான் அவள கண்டுபிடிச்ச நேரம்மா. மோதல் கேட்டதும் வெளிய வந்து கூப்பிட்டேன். எல்லாரும் கோயில்ல. மறுபடி பாட்டு போட்டுட்டாங்க, என் குரல் யாருக்குக் கேக்கும்? தடிய வச்சுக்கிட்டு சாலையில தேடினேன். அப்புறம் ஓரத்துல தேடினேன். அந்தப் பக்கப் பள்ளத்துல தேட எனக்குத் தோணவே இல்ல. கடைசியில தடியில சைக்கிள் சக்கரம் தட்டுச்சு. அப்புறம்தான் கையில அவ முடி பட்டுது. தினம் மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவந்து வைக்கிற பொண்ணு. பக்கத்துலயே இருந்திருக்கா. கண்ணு இருக்கிறவன் ஒரு நிமிஷத்துல பாத்திருப்பான்.”

அதற்குமேல் அவர் என்னைப் பிடித்துவிடவில்லை. நான் எழுந்து பாயைச் சுருட்டி வைத்தேன்.

திரும்பும் வழியில் அக்கா கோயிலில் இறங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தார். பெரிய பிக்குவின் பேச்சு முடிந்தது மூன்று மணிக்கு. சிலைகளுக்கும் பெரியவர்களுக்கும் நீராட்டுவதற்காக எல்லோரும் எழுந்தார்கள்.

*

முற்றத்தில் நிலைமை மாறவில்லை. நான் மறுபடி வண்டிக்கடியில் நுழைந்தேன். தண்டை முறுக்கினேன். அசையவில்லை.

“கோப்,” என்றார் அக்கா. “நீ அடியில படுக்கும்போது மேல யாரு இருக்கா?”

தலையை வெளியே நீட்டினேன். மர நிழல் வண்டியின் பின்தட்டில் விழுந்திருந்தது. நான்கு கான்ஸ்டபிள்கள் அங்கே சம்மணமிட்டு, நடுவில் பப்பாளிக்காய் சாலட் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே அங்கேதான். நான் வண்டியை எடுக்கப்போனால் குதித்து இறங்குவார்கள், நான் படுத்ததும் ஏறிக்கொள்வார்கள். அவர்களில் ஒருவர் தனியாகவே இரண்டு ஆள் எடை.

“எறங்குங்க சார்!” என்று அலறினேன். “சாட்சியத்து மேல உக்காந்து சாப்பிடறீங்க!”

இறங்கினார்கள். தண்டைப் பிடித்தேன். முறுக்கினேன். கையில் ‘டொக்’ என்று இடித்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வெட்டவெளிச்சம். மரவள்ளி ஏற்றுகிற எல்லோரும் செய்கிற வேலையைப் புன்மாவும் செய்திருந்தார். அனுமதித்த பாரத்தைவிட இரண்டு மடங்கு ஏற்றுவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் மூன்று பட்டைகளைக் கூடுதலாகச் செருகியிருந்தார். அதனால் காலி வண்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வாத்து மாதிரி நிற்கும். அந்த நீளத் தண்டின் நடுவே ஓரிடத்தில், பல் வைத்த கம்பி பல் வைத்த குழாய்க்குள் நுழைந்திருக்கும். பின்பக்கம் உயர்ந்தால் கம்பி வெளியே இழுபடும். நுனிப் பல்லில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த நுனி தேய்ந்து போயிருந்தது. பாரம் ஏறினால் கம்பி உள்ளே போய் நல்ல பல்லில் உட்கார்ந்துவிடும். சத்தமே வராது.

கான்ஸ்டபிள்களை ஒவ்வொருவராக ஏற்றி ஓட்டிக் காட்டினேன். ஒருவர், ‘டொக்’. இருவர், ‘டொக்’. மூவர், லேசாக. குண்டு கான்ஸ்டபிளும் ஏறியதும் வண்டி எண்ணெய்போல நகர்ந்தது.

“சோங்க்ரான் அன்னிக்கு இந்த வண்டியில என்ன இருந்துது?” என்று தவாட்டிடம் கேட்டேன். “தண்ணி நெறஞ்ச ரெண்டு பெரிய பீப்பாய், ஒம்பது சொந்தக்காரங்க! ஊரே பாத்திருக்கு. இந்த வண்டி அன்னிக்கு ‘டொக்’குன்னு சொல்லியிருக்கவே முடியாது. சனித் கேட்டது வேற வண்டி சார்.”

தவாட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “நியாயமாத்தான் இருக்கு,” என்றார். அவருக்கும் நிம்மதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

லம்யாய் படியிலிருந்து எழுந்து ஓடிவந்தாள். லாக்கப்பின் ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் இருந்தது. “ஏங்க! நீங்க இல்லையாம்! கேட்டீங்களா? நீங்க இல்ல!” என்று கத்தினாள். கம்பிக்குள் அந்த நெட்டை மனிதர் நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டார். அவள் ஒட்டரிசியைப் பிடிப்பிடியாக உருட்டி என் கையில் திணித்தாள். என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக நான் எதையும் கண்டுபிடித்ததில்லை. சொல்லப்போனால் வேறு எதையும் கண்டுபிடித்ததே இல்லை.

அக்கா மட்டும் ஐஸ் கரைந்துபோன டீயைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பீப்பாயயும் வச்சு ஒரு தடவ பாத்துடலாம்,” என்றார். “எழுதறப்ப முழுசா எழுதலாம்ல. சனித்தையும் கூட்டிட்டு வாங்க.”

*

பீப்பாய்கள் வந்தன. நிலையத்துக் குழாயில் நிரப்பினார்கள். சனித் தடியோடு வந்து நின்றார். ஓட்டினேன். சத்தமே இல்லை.

“இது இல்ல,” என்றார் சனித்.

“பாத்தீங்களா!” என்றேன். லம்யாய் கைதட்டினாள்.

சனித் தடியால் தடவிக்கொண்டே வந்து வண்டியின் பக்கவாட்டைத் தொட்டார். பிறகு நிறைந்த பீப்பாயின் வயிற்றில் லேசாகத் தட்டினார். ‘தப்’ என்று மொண்ணையாக ஒரு சத்தம்.

“என்னய்யா தட்டறீங்க?” என்றார் தவாட்.

“ஒண்ணுமில்ல சார். அன்னிக்குக் கேட்ட மேளம் எங்கேருந்து வந்துதுன்னுதான் யோசிச்சிட்டே இருக்கேன்.”

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். அது வந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

“தவாட், தண்ணியக் கொட்டச் சொல்லுங்க.”

நான் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினேன். “அக்கா, வேணாம். முடிஞ்சு போச்சு. வீட்டுக்குப் போலாம்.”

“எனக்கும் ஆசைதாண்டா,” என்றார். “ஆனா அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்குறா. ஏறு.”

தண்ணீர் முற்றமெங்கும் ஓடியது. காலிப் பீப்பாய்களோடு வண்டியை எடுத்து, அக்கா கை காட்டிய இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பின்னால் ஒரு பீப்பாய் சாய்ந்து, கேபினின் முதுகில் மோதியது.

‘டம்ம்ம்ம்...’

பெரிய மேளம். ஒரே ஒரு அடி. கொஞ்ச நேரம் முழங்கிக்கொண்டே இருந்தது. நான் பத்து எண்ணினேன். எண்ணாமலே இருந்திருக்கலாம். கிளட்சை விட்டேன்.

‘டொக்.’

“இதான்,” என்றார் சனித். “இதே வரிசை. இதேதான்.”

தவாட் பெருமூச்சு விட்டார். “அப்போ புன்மாதான். எல்லாரும் கோயில்ல எறங்கியிருக்காங்க, தண்ணி தீந்து போச்சு, இவன் நிரப்பப் போயிருக்கான். குளத்துக்கு அதான வழி. நாலரை மணிக்கு...”

“நாலரை இல்ல,” என்றார் அக்கா. இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “சனித் பொண்ண தேடிக் கண்டுபிடிச்சதுதான் நாலரை. மோதினது பிக்கு பேச்சு முடிஞ்சதும். மூணு மணி.”

“மூணு மணியா?” லம்யாய் துள்ளிக் குதித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “அப்போ அவரு இல்லக்கா! சத்தியமா இல்ல! மூணு மணிக்கு அவரு கோயில் மண்டபத்துல கட்டையா கெடந்தாரு, பத்து பேரு சாட்சி சொல்லுவாங்க! நான்தான் அவரு பாக்கெட்லேருந்து சாவிய எடுத்துட்டுப் போயி, தண்ணி...”

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

குழாயிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வண்டியைப் பார்த்தாள், பீப்பாயைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அக்கா ஏதாவது வேறு மாதிரி சொல்லிவிட மாட்டாரா என்று பார்த்தாள்.

“பீப்பாய் விழுந்துச்சுன்னு நெனச்சேன்,” என்றாள் லம்யாய். “கோயில் திருப்பத்துல ஒரு கூட்டம் வெள்ளைப் பொடி கரைச்ச தண்ணிய கண்ணாடி மேல வாரி ஊத்திட்டாங்க. ஒண்ணுமே தெரியல. எல்லாம் வெள்ளை. பிரேக் போட்டேன். சத்தம் கேட்டுது. பீப்பாய்தான்னு நெனச்சேன் அக்கா. ஜன்னல் வழியா கைய நீட்டி கண்ணாடியத் தொடச்சேன். முன்னால சாலை காலியாத்தான் இருந்துது. போயிட்டேன். தண்ணி புடிச்சிட்டு வேற வழியா வந்துட்டேன். சிரிச்சிக்கிட்டே வந்தேன். போலீஸ் நாலரைன்னு சொன்னாங்க. நாலரைக்கு நான் கோயில் சமையக்கட்டுல இருந்தேன். எனக்குத் தோணவே இல்ல...”

சனித் தடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“நான்தான் ஓட்டினேன்!”

லாக்கப் ஜன்னலிலிருந்து புன்மா. கம்பியை உலுக்கிக்கொண்டிருந்தார். “சார், ஞாபகம் வந்துடுச்சு! நான்தான். மூணு மணிக்கு நான்தான் ஓட்டினேன். எழுதிக்கிங்க சார்!”

நான்கு நாளில் அவருக்கு முதல்முறையாக ஞாபகம் வந்திருந்தது.

“சும்மா இருங்க,” என்றாள் லம்யாய் அந்தப் பக்கம் திரும்பாமலே. “உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது.” பிறகு கூடையை மூடி, படியில் ஓரமாக வைத்துவிட்டு, தானாகவே உள்ளே நடந்தாள். தவாட் அவள் பின்னால் போனார். வாசலில் நின்று எங்களிடம், “வேணும்னு செய்யலன்னு எழுதறேன். ஆனா எழுதித்தான் ஆகணும்,” என்றார்.

அக்கா டீ பையைக் கீழே போட்டார். இருபது வருஷத்தில் அவர் எவ்வளவோ பொய்களைப் பிடித்திருக்கிறார். இங்கே பிடிக்க ஒரு பொய்கூட இல்லை. சொன்னவர்கள் எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். தெரியாமல் இருக்க முடியவில்லை என்று வந்த பெண்ணுக்கு நாங்கள் தெரியப்படுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

சாயங்காலம் புன்மாவை வெளியே விட்டார்கள். பெல்ட்டையும் செருப்பையும் கையில் வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். உள்ளே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அவர் அங்கே போகவில்லை. என்னிடம் வந்தார்.

“தம்பி, அந்தச் சத்தத்த சரி பண்ண எவ்ளோ நேரமாகும்?”

“கூடுதல் பட்டைய கழட்டணும், குழாய மாத்தணும். ஒரு காலைப்பொழுது.”

“ஒரு காலைப்பொழுதுதானா?” என்றார். “ரெண்டு வருஷமா அவ கேட்டுக்கிட்டே இருந்தா. இப்ப பண்ணுவியா?”

“தொட முடியாதுண்ணே. அது இப்போ சாட்சி.”

தலையாட்டினார். ஒரு கான்ஸ்டபிள் சாவியோடு வந்து, வண்டியைப் பூட்டுக் கொட்டகைக்கு எடுத்துப் போக வேண்டும் என்றார். அவர் உள்ளே ஏறி உட்கார்ந்ததும் புன்மா சட்டென்று பின்தட்டில் ஏறினார். நடுவில், அச்சுக்கு மேலே, கால்களை அகட்டிப்போட்டு உட்கார்ந்து, உடம்பின் மொத்த எடையையும் கீழே அழுத்தினார். எதற்கு என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. லம்யாயின் பெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. அந்தச் சத்தம் அவள் காதில் விழக்கூடாது.

நானும் ஏறினேன். இரண்டு பேர் போதாது என்று எனக்குச் சோதனையிலேயே தெரியும். இருந்தும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டேன், அது ஏதோ எடையைக் கூட்டும் என்பதுபோல.

கான்ஸ்டபிள் கிளட்சை விட்டார்.

‘டொக்.’

ஜன்னலுக்குள் லம்யாயின் தலை நிமிர்ந்தது.

“போதலையா தம்பி?” என்றார் புன்மா.

“போதலண்ணே,” என்றேன்.